கத்தரித்த அட்டை

பெரியம்மாவின் சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு நாலைந்து மாத்திரைத் துண்டுகளும் எப்போதும் கிடக்கும். அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் நறுக்கிய துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒற்றை மாத்திரை. முட்டி வலி கூடும் நாளில் தெருமுனை மெடிக்கலுக்குப் போய், "மூணு வேளைக்கு ஒரு செட் குடுப்பா" என்பார். கடைக்காரர் நாலு அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் பெரியம்மா மாடிப்படி ஏறிவிடுவார். 71 வயதில் அது சின்ன விஷயமில்லை. அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஒரு ஏப்ரலில் ஊர் அம்மன் கோயில் திருவிழா. மூன்று நாள் வெயிலில் நின்றார். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. நடந்த நடையில் முட்டியும் வீங்கிக்கொள்ள, செட் மாத்திரை தொடர்ந்தது. ஐந்தாம் நாள் கால்கள் இரண்டும் வீங்கிவிட்டன. நாள் முழுக்க ஒரு தம்ளர் அளவுகூடச் சிறுநீர் பிரியவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 4.2. சுமார் 1 என்ற அளவில் இருக்க வேண்டிய எண் அது.

"வலிக்கு என்ன மாத்திரை போட்டாங்க?" என்பதுதான் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. எங்கள் யாருக்கும் தெரியவில்லை. சுருக்குப்பையைக் கட்டிலில் கொட்டினேன். ஒரு துண்டின் வெள்ளித்தாளில் 'ஃபெனாக்' என்று பெயரின் வால் மட்டும் இருந்தது. டைக்ளோஃபெனாக்கா, அசிக்ளோஃபெனாக்கா? இரண்டுக்கும் வால் ஒன்றுதான். இன்னொன்றில் '325 மி.கி.' என்ற எண். எதன் 325 என்பது கடையில் தங்கிவிட்ட மீதி அட்டையில் இருந்திருக்கும். மூன்றாவது வெள்ளையாக, வட்டமாக, எழுத்தே இல்லாமல் இருந்தது.

பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "முட்டிக்குத்தானேடா போட்டேன், கிட்னிக்கு என்ன வந்துச்சு?"

மிகச் சரியான கேள்வி. இதற்கு விடை தெரிந்துவிட்டால், வலி மாத்திரையை எப்படிப் போடலாம், எப்போது போடக் கூடாது என்பதில் முக்கால்வாசி தானாகவே விளங்கிவிடும்.

வாயில் போட்ட மாத்திரை முட்டியைத் தேடிப் போவதில்லை. குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, தலை முதல் கால் வரை ஒரே மாதிரி பரவுகிறது. முட்டியில் இருக்கும் ஏதோ ஒன்றை அது தடுப்பதால்தான் வலி குறைகிறது. அந்த ஏதோ ஒன்று இரைப்பையிலும் இருக்கிறது, சிறுநீரகத்திலும் இருக்கிறது, ரத்தத் தட்டணுக்களிலும் இருக்கிறது. அங்கெல்லாம் அது வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

அது என்ன என்று கண்டுபிடிக்க நெடுங்காலம் ஆயிற்று. ஆஸ்பிரின் 1899இல் விற்பனைக்கு வந்தது. உலகமே விழுங்கிய அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று 72 ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. 1971இல் லண்டனில் ஜான் வேன் என்ற மருந்தியலாளர், ஆஸ்பிரின் உடலில் புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியாவதைத் தடுக்கிறது என்று காட்டினார். 1982இல் சூனே பெர்க்ஸ்ட்ரோம், பெங்ட் சாமுவேல்சன் இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புராஸ்டேட் சுரப்பியில் மட்டும் உருவாகும் பொருள் என்று 1930களில் தவறாக நினைத்து வைத்த பெயர்தான் புராஸ்டாகிளாண்டின். உண்மையில் உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் அதைத் தயாரிக்கின்றன.

தயாரிக்கும் விதம் எளிமையானது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு இருக்கிறது. செல்லுக்கு அடி பட்டால் அது கழன்று வெளியே வரும். சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமாகக் காக்ஸ், என்ற நொதி அதைப் பிடித்துப் புராஸ்டாகிளாண்டினாக மாற்றும். அடிபட்ட இடத்தில் அது ரத்த நாளங்களை விரிக்கும்; அதனால் சிவப்பு, சூடு, வீக்கம். வலியை உண்டாக்குவதைவிட, வலி நரம்பின் காதைக் கூர்மையாக்குவதுதான் அதன் பெரிய வேலை. சுளுக்கிய கணுக்காலில் போர்வை உரசினாலும் வலிப்பது இதனால்தான். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நேப்ராக்சன், மெஃபெனமிக் அமிலம், நிமிசுலைடு எல்லாமே காக்ஸ் நொதியின் வாயை அடைப்பவை. மருத்துவர்கள் இந்தக் குடும்பத்தை என்செய்ட் என்பார்கள். பாராசிட்டமால் இதில் சேராது. அது காய்ச்சலையும் வலியையும் குறைக்கும். வீக்கத்தை அவ்வளவாகத் தொடாது. இரைப்பையையும் சிறுநீரகத்தையும் இந்தக் குடும்பம் அளவுக்குப் படுத்தாது. அதற்கு ஆபத்து கல்லீரலில், அளவு மீறும்போது.

முதலில் இரைப்பையைப் பார்ப்போம். இறைச்சியையே கரைக்கும் அமிலம் தன் சுவரைக் கரைக்காமல் இருக்க, இரைப்பை உள்ளே வழவழப்பான ஒரு படலத்தைப் பூசிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பூச்சையும், சுவருக்கு ஓடும் ரத்தத்தையும் காப்பது புராஸ்டாகிளாண்டின்தான். மாத்திரை அதை நிறுத்தினால் பூச்சு மெலியும், அமிலம் சுவரைத் தொடும், புண் வரும்.

இந்த இடத்தில் ஊரெங்கும் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. "சாப்பிட்டுட்டுப் போட்டா ஒண்ணும் ஆகாது" என்பது ஒன்று. சாப்பாடு குமட்டலையும் எரிச்சலையும் குறைக்கும், அவ்வளவுதான். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இரைப்பையில் கிடக்கும் மாத்திரை அல்ல, ரத்தம் வழியாகச் சுவருக்கு வந்து சேரும் மருந்து. "மாத்திரை வேண்டாம், ஊசியாப் போட்டுக்கிட்டா வயித்துக்கு நல்லது" என்பது இரண்டாவது நம்பிக்கை. ஊசி மருந்தும் அதே ரத்தத்தில்தான் போகிறது. கூடவே தரும் கேஸ் மாத்திரைகளில் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை இரைப்பைப் புண்ணை உண்மையிலேயே குறைக்கும். வயதானவர்களுக்கு மருத்துவர் அதைச் சேர்த்து எழுதுவது சரியான காரியம். ஆனால் கேஸ் மாத்திரை போட்டுவிட்டதால் சிறுநீரகமும் தப்பித்தது என்று எண்ணிவிடக் கூடாது. அது காப்பது வயிற்றை மட்டும்தான்.

இந்தப் புண் பல நேரம் வலிக்காமலேயே கசியும் என்பது எனக்கு எப்போதும் கவலை தரும் விஷயம். வலியைச் சொல்ல வேண்டிய ஏற்பாட்டையே மாத்திரை அமைதிப்படுத்தி வைத்திருக்கலாம். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனாலோ, வாந்தி காப்பித்தூள் கலந்தது போல வந்தாலோ, உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இனி பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மெல்லிய ரத்தக் குழாய்களின் ஒரு நூல்கண்டு. அதற்குள் ரத்தம் வர ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். உள்ளே போதிய அழுத்தம் இருந்தால்தான் வடிகட்டல் நடக்கும். நாம் நன்றாகத் தண்ணீர் குடித்து, ஆரோக்கியமாக இருக்கும்போது இதில் புராஸ்டாகிளாண்டினுக்குப் பெரிய வேலை இல்லை. ஆகவேதான் 25 வயது இளைஞர் பல்வலிக்கு இரண்டு நாள் ஐபுப்ரோஃபென் போட்டால் பெரும்பாலும் எதுவும் ஆவதில்லை. உடலில் நீர் வற்றும்போது கதை மாறுகிறது. வெயில், வாந்தி, பேதி எதுவானாலும் உடல் தன் குழாய்களையெல்லாம் இறுக்கி, இருக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பும். அந்நேரத்தில் சிறுநீரகத்துக்குள் வரும் குழாய் மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருப்பது புராஸ்டாகிளாண்டின்தான். சரியாக அப்போது ஒரு வலி மாத்திரை உள்ளே போனால், அந்தப் பிடி விட்டுப்போகிறது.

பெரியம்மாவுக்குப் பிரஷரும் உண்டு. அதற்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறார். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில் போன்றவை சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயை விரிப்பவை. நாள்பட அது சிறுநீரகத்துக்கு நல்லதே. ஆனால் வலி மாத்திரை வரும் குழாயைச் சுருக்க, பிரஷர் மாத்திரை போகும் குழாயை விரிக்க, நடுவில் அழுத்தம் சரிகிறது. இதோடு சிறுநீரைக் கூட்டி உடல் நீரை வெளியேற்றும் மாத்திரையும் சேர்ந்தால் மூன்றாவது அடி. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் ஒரே மாத்திரையாக வருகின்றன. மூன்றில் இரண்டு காலை காப்பிக்குப் பிறகு வழக்கம்போல உள்ளே போய்விடும். மூன்றாவதுதான் மெடிக்கலில் கிடைக்கிற செட். பெரியம்மாவின் பிரஷர் அட்டையில் இருந்ததும் அதே கூட்டு மாத்திரைதான்.

காக்ஸைத் தடுக்கும் மருந்து சிறுநீரகத்தை எப்படிச் சாய்க்கும் என்பதற்கு, மனிதர்களைத் தாண்டிய ஒரு சாட்சி நம் துணைக்கண்டத்திலேயே இருக்கிறது. 1990களில் வெண்முதுகுப் பாறுகள் என்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. காரணம் கிருமியாக இருக்கும் என்றே பலரும் தேடினார்கள். 2004இல் லிண்ட்சே ஓக்ஸும் சகாக்களும் பாகிஸ்தானில் செய்த ஆய்வு, காரணம் டைக்ளோஃபெனாக் என்று காட்டியது. நோவுக்காக மாட்டுக்கு அந்த ஊசியைப் போடுவார்கள். மாடு செத்தால் பாறு தின்னும். அந்த இறைச்சியில் தங்கிய மருந்தே போதுமானதாக இருந்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. பாறுவின் உடல் இந்த மருந்தைத் தாங்காதது போல மனித உடல் தாங்காமல் போவதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் சொல்லவில்லை. இருந்தாலும் டைக்ளோஃபெனாக் அட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பறவைகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

இதயத்தின் கதை வேறு. வயிற்றைப் புண்ணாக்காத வலி மாத்திரையைச் செய்யும் முயற்சியில் அது வெளிப்பட்டது. காக்ஸில் இரண்டு வகை உண்டு என்பது 1990களின் தொடக்கத்தில் தெரிந்தது. முதல் வகை இரைப்பையைக் காக்கிறது, இரண்டாவது அழற்சியில் பொங்குகிறது என்று எண்ணி, இரண்டாவதை மட்டும் தடுக்கும் ரோஃபிகாக்சிப் என்ற மருந்து 1999இல் வந்தது. பல நாடுகளில் லட்சக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது ஆய்வொன்றில் தெரிந்து, 2004 செப்டம்பரில் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. பிறகு பழைய மருந்துகளையும் அதே கண்ணோடு பார்த்தார்கள். ஆஸ்பிரின் நீங்கலாக இந்தக் குடும்பத்தின் மற்ற மருந்துகளுக்கும் இந்த ஆபத்து உண்டு, அது முதல் சில வாரங்களிலேயே தொடங்கக்கூடும், அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2015இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. இதய நோய் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று ஐரோப்பிய அமைப்பு 2013இலேயே சொல்லிவிட்டது.

மாரடைப்பு வந்து, தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம். தட்டணுவின் காக்ஸ் நொதியில் ஐபுப்ரோஃபென் அப்படித்தான் துண்டு போடும். சில மணி நேரத்தில் எழுந்து போய்விடும். ஆனால் அதற்குள் ஆஸ்பிரின் வந்தால் உட்கார இடம் இருக்காது. ஆஸ்பிரினோ ரத்தத்தில் அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. அலைந்து பார்த்து அழிந்துபோகும். உட்கார்ந்திருந்தால் அந்தத் தட்டணு சாகும் வரை, எட்டுப் பத்து நாள், எழுந்திருக்காமல் ரத்தம் உறைவதைத் தடுத்திருக்கும். ஆகவே, சாதாரண ஆஸ்பிரினைப் போட்டு அரை மணி நேரமாவது ஆன பிறகு ஐபுப்ரோஃபென் போடலாம். முன்னால் போட்டிருந்தால் எட்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது ஒழுங்குமுறையாளர்களின் கணக்கு. குடலில் கரையும்படி மேற்பூச்சு போட்ட ஆஸ்பிரினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இதய மருத்துவரிடம் கேட்காமல் வலி மாத்திரை பக்கமே போக வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

நம் ஊர் மழைக்காலத்துக்கென்று ஒரு விதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் வந்தால் அது டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் தட்டணுக்கள் குறையும், ரத்த நாளங்கள் கசியும். அந்த நேரத்தில் தட்டணுவின் வேலையையும் இரைப்பையின் பூச்சையும் கெடுக்கும் மாத்திரையைப் போடுவது ரத்தக் கசிவுக்கு வழிவிடுவது. என்ன காய்ச்சல் என்று தெரியும் வரை பாராசிட்டமால் மட்டும் போதும். எலும்பை முறிக்கிற உடம்பு வலி டெங்குவில் சகஜம்; வலி தாங்காமல் செட் மாத்திரை கேட்பவர்களும் அதனாலேயே அதிகம். குழந்தைகளுக்கு மெஃபெனமிக் அமிலம் கலந்த காய்ச்சல் சிரப்பை நாமாக வாங்கி ஊற்றக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ஆஸ்பிரின், கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறிக்குக் காரணமாகலாம் என்பதால், குழந்தைகளின் காய்ச்சலுக்குக் கூடவே கூடாது. நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழ் இந்தியாவில் 2011இலேயே தடை செய்யப்பட்டது.

கர்ப்பிணிகள் 20 வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் குறிப்பாகச் சொன்னாலொழிய, இவற்றைத் தொடக் கூடாது. கருவின் சிறுநீரகமும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். அது சுரக்கும் சிறுநீர் குறைந்தால் பனிக்குட நீர் குறையும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒரே மாத்திரை கடும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். முன்பு ஒரு வலி மாத்திரைக்கு முகம் வீங்கியவர்கள், தோல் தடித்தவர்கள், அதன் பெயரை வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பெயர் என்று சொன்னதும் மீண்டும் அந்தக் கத்தரித்த அட்டைக்கு வர வேண்டியிருக்கிறது. டைக்ளோஃபெனாக் போன்றவை சட்டப்படி மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டியவை. அட்டையில் உள்ள சிவப்புக் கோடு அதற்கான அடையாளம். கைமேல் கிடைக்கிறது என்பதால் அவை லேசானவை ஆகிவிடாது. வணிகப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். உண்மையான பெயர் அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும். காம்பிஃப்ளாம் என்பதற்குள் 400 மி.கி. ஐபுப்ரோஃபெனும் 325 மி.கி. பாராசிட்டமாலும் இருக்கின்றன. ஜீரோடால் பி என்பதற்குள் 100 மி.கி. அசிக்ளோஃபெனாக்கும் அதே 325 பாராசிட்டமாலும். காலையில் தலைவலிக்கு ஒன்று, மதியம் இடுப்புக்கு இன்னொன்று, ராத்திரி காய்ச்சல் அடிப்பது போலிருக்கிறது என்று ஒரு டோலோ 650. போடுகிறவர் மூன்று வியாதிக்கு மூன்று மருந்து என்று நினைப்பார். உள்ளே போனது இரண்டு என்செய்ட், மூன்று முறை பாராசிட்டமால். இரண்டு என்செய்ட் சேர்ந்தால் நிவாரணம் இரட்டிப்பாவதில்லை, கெடுதல்தான் கூடுகிறது.

தானாக வாங்கிப் போடுபவருக்கான ஐபுப்ரோஃபென் அளவு, பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 400 மி.கி., ஒரு நாளைக்கு மொத்தம் 1200 மி.கி.க்குள், வேளைக்கு வேளை குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி. வேலை செய்யும் குறைந்த அளவு, குறைந்த நாள். மூன்று நாளில் காய்ச்சலோ, பத்து நாளில் வலியோ அடங்கவில்லையென்றால், மாத்திரையைத் தொடராமல் காரணத்தைத் தேட வேண்டும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி மாத்திரை போடுகிறவர்களுக்கு, சில மாதங்களில் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். வாந்தி, பேதி, பட்டினி, கொளுத்தும் வெயிலில் வேலை ஆகிய நாட்களில் என்செய்ட் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, பழைய அல்சர், ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, ஸ்டீராய்டு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

பெரியம்மாவுக்கு மாத்திரையை நிறுத்தி, நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள். நாலாம் நாள் சிறுநீர் பிரியத் தொடங்கியது. மூன்று வாரத்தில் கிரியாட்டினின் 1.4க்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. டயாலிசிஸ் வரை போகவில்லை. முட்டி வலி மட்டும் அப்படியே இருந்தது. அதையும் மறந்துவிடக் கூடாது. வலியோடு இருப்பவரிடம் மாத்திரையைப் பிடுங்கிவிட்டு வெறுங்கையாக அனுப்புவது வைத்தியமாகாது. எலும்பு மருத்துவர் அவருக்குப் பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் எழுதிக் கொடுத்தார், கணக்கான அளவில். முட்டித் தேய்மானத்துக்கு மாத்திரைக்கு முன்னால் பூசும் மருந்தை முயலச் சொல்கிறது பிரிட்டன் மருத்துவ வழிகாட்டுதல். மருந்து தோல் வழியாக முட்டிக்குப் போகும். ரத்தத்துக்குள் போவது மாத்திரையில் போவதில் மிகச் சிறிய பங்குதான். தொடைத் தசைக்கு ஒரு பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடிப்பது. பெரியம்மா அதை டி.வி. சீரியல் விளம்பர இடைவேளையில் செய்கிறார்.

மிகவும் முடியாத நாளில் பாராசிட்டமால். அதை முழு அட்டையாகத்தான் வாங்குகிறார். சுருக்குப்பைக்குள் கொள்ளாமல் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பெயர் தெரியும்படி.